பித்தளை வலை கட்டியது நான்தான்

மோளே,

அடுத்த வாரம் நீ ராஜஸ்தானுக்கு ரயில் ஏறப்போகிறாய். அங்கேயும் செம்பு தேடுகிற வேலைதான், ஆனால் இதைவிடப் பெரிய இடம் என்று சொன்னாய். பழைய இடத்து அறிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னாய். அது முடிவதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஏழுமலை உன்னிடம் பொய் சொல்லவில்லை. அந்தச் சல்லடைக்குப் பித்தளை வலை கட்டி அனுப்பியது நான்தான். நீ போனில் கேட்டபோது நைலான் என்று சொன்னதும் நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அப்படியும் சில வரி தள்ளிப்போய்விட்டது பார். உன் அப்பன் அப்படிப்பட்டவன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் உன்னோடு பேசித்தான் இந்தக் கேடு வந்தது. உன் குரல் காதில் விழுந்தால் எனக்கு நல்லவனாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. அந்த ஆசையில் வாய் எதையாவது சொல்லி வைக்கிறது. மலையாளத்தில் எழுதினால் உனக்கு வாசிக்கச் சுலபம், தெரியும். எனக்கு மலையாளம் பேச வரும், கடை போர்டு வாசிக்க வரும், இவ்வளவு நீளமாக எழுத வராது. அந்த மலையடிவாரத்துக்கு வேலைக்குப் போனபிறகு பஸ் போர்டு பார்த்துப் பார்த்துத் தமிழ் வாசிக்கப் பழகிவிட்டதாகச் சொன்னாயே. மெதுவாகக் கூட்டி வாசி. உன் பெரிய அதிகாரியிடமும் கொடு. இதில் யாருக்கும் ஒளிக்க ஒன்றும் இல்லை.

என் தொழில் உனக்குத் தெரியாததா என்ன, ஆனாலும் மற்றவர்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கொச்சியில், மட்டாஞ்சேரி ஜூ டவுன் பஜாரில் ஒரு மசாலா குடோனில் சலிக்கிற வேலையில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவன் நான். மிளகைச் சலித்துப் பொக்கையும் தூசியையும் பிரிப்பது, சுக்குப் பொடியும் மஞ்சள் பொடியும் சலிப்பது, இன்ன பொடிக்கு இன்ன வலை என்று சொல்வது, இதுதான் எனக்குத் தெரிந்தது. வலை வாங்கும்போது முதலாளியே என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. சல்லடை விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்தேன். அந்த யாரும் என்பதில் நீயும் அடக்கம்.

அதற்கும் மேலே, கேட்டதைக் கேட்டபடி கொடுக்கத் தெரியாதவன் நான். நீ எட்டாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எரிமலை செய்ய வேண்டும், களிமண்ணும் பழைய பேப்பரும் வேண்டும் என்று கேட்டாய். களிமண் உதிருமே, என் மகள் செய்கிற மலை நிற்க வேண்டாமா என்று நான் சிமெண்ட் வாங்கி வந்தேன். நீ டியூஷனுக்குப் போய்த் திரும்புவதற்குள் முழு மலையையும் நானே பூசி முடித்துவிட்டேன். மறுநாள் அதைத் தூக்க நானும் பக்கத்து வீட்டுச் சேட்டனும் சேர்ந்தும் முடியவில்லை. நீ வெறுங்கையோடு பள்ளிக்கூடம் போனாய். அழுதிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். நீ "பரவால்ல அப்பா" என்றாய். அந்த மலை பின்பக்கம் ரொம்ப நாள் கிடந்தது, மழை பெய்யும்போதெல்லாம் அதைப் பார்த்து நாம் சிரிப்போம். நான் சிரித்திருக்கக் கூடாது. உனக்கு மேலானதைத் தருகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது என் வழக்கமாகிவிட்டது, அது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போன வருஷம் லீவில் வந்தபோது உன் சல்லடையைக் கொண்டுவந்தாய். மரச்சட்டத்தில் நைலான் வலை, ஓரத்தில் கிழிந்திருந்தது. அங்கே இதைச் சரியாகக் கட்டித்தர ஆள் இல்லை, நம் ஹம்சாக்காவிடம் கொடுத்து இதே மாதிரி நைலான் வலை கட்டி அனுப்பிவிடுங்கள் என்றாய். சாப்பிட்டுக்கொண்டே உன் வேலையையும் விளக்கினாய். மலையடிவாரத்தில் கயிறு பிடித்த மாதிரி வரிசையாகக் குழி தோண்டி, மண் எடுத்து, உலர்த்தி, சலித்து, அந்த நுண்மண்ணைப் பையில் போட்டு லேபுக்கு அனுப்புவீர்கள். அதில் செம்பும் ஈயமும் துத்தநாகமும் எந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதோ அங்கே ரிக் என்கிற எந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தி ஆழத் துளை போட்டுப் பார்ப்பீர்கள். பத்து லட்சம் பங்கில் சில பங்கு கூடினாலும் லேபில் கண்டுபிடித்துவிடுவார்களாம். மண்ணைத் தொடுகிற ஆள் கையில் மோதிரம், வளையல், காப்பு ஒன்றும் இருக்கக் கூடாது என்றும் சொன்னாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மோதிரத்தைக் கழற்றச் சொல்வது தொலைந்து போய்விடும் என்ற பயத்தால் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். இப்போது இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஹம்சாக்காவை உனக்குத் தெரியும், பஜாரில் எல்லா குடோனுக்கும் வலை கட்டித் தருகிறவர், அண்ணன் முறையில் நான் இக்கா என்று கூப்பிடுகிறவர். அவர் உன் சல்லடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மோள் நைலான்னு அல்லே பறஞ்சது?" என்று கேட்டார்.

"அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் இக்கா," என்றேன். "கல்லும் மண்ணும் சலிக்க நைலான் எத்தனை நாள் தாங்கும்? மஞ்சள்பொடிக்குக் கட்டுற பித்தளை வலை இருக்குல்ல, அதுலயே நல்லதாப் பார்த்து ஒண்ணு கட்டுங்க."

"மோள் சொன்னதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்."

"காரணம் நான் சொல்றேன். கம்பெனிக்காரன் பிசுநாறி. அதான் நைலான்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் பார்சல் கட்டும்போது உன் அம்மாவும் கேட்டாள், "அவ கேட்டது நைலான் அல்லே, இது மின்னுதே?" என்று. மின்னட்டும், பிரித்துப் பார்க்கும்போது அவள் முகமும் மின்னும் என்றேன். உன்னிடம் சொல்லாமல் அனுப்பியதற்கு அதுதான் காரணம். நீ ஆச்சரியப்பட்டுப் போன் செய்வாய் என்று நாலைந்து நாள் காத்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலை மும்முரத்தில் இருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பார்சலைப் பிரித்தது நீ இல்லை. அந்தச் சமயம் நீ மலையின் வடக்குப் பக்கத்தில் ரிக்கோடு இருந்தாய். பார்சலை வாங்கியது ஏழுமலை. உள்ளூர்க்காரர், உங்களுக்கு வழி காட்டி, குழி தோண்ட ஆட்களைக் கூட்டி வந்து, மண்ணைச் சலித்துப் பையில் எண் எழுதுகிற மனிதர். மேடம் வீட்டிலிருந்து வந்த சல்லடை என்று அதை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டார். உன் வீட்டிலிருந்து வந்த சாமானை அவர் எதற்காகச் சந்தேகப்படப் போகிறார். வடக்கே அப்போதுதான் உங்களுக்குச் செம்பு கிடைத்தது. ரிக் இழுத்துக் கொடுத்த கல்தண்டைப் படம் எடுத்து அனுப்பினாய். கறுப்புக் கல்லில் மஞ்சளாக ஒரு பட்டை மின்னியது. அதுதான் செம்புத் தாது என்று போனில் திரும்பத் திரும்பச் சொன்னாய். அன்றைக்கு நான் குடோனில் ஒரு மூட்டையும் ஒழுங்காகச் சலிக்கவில்லை, அந்தப் படத்தையே எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து, தெற்குப் பக்கத்து மண்ணிலும் செம்பு கூடுதலாக வருகிறது, துத்தநாகமும் வருகிறது என்று போன் செய்தாய். நான் குடோனுக்கு லட்டு வாங்கிப் போனேன். ரிக்கைத் தெற்கே நகர்த்தினீர்கள். அடிவாரத்து ஊரில் அத்தனை பேருக்கும் வேலை கிடைத்தது, ரோடு போட, தண்ணீர் சுமக்க, சமைக்க என்று. துளை மேல் துளை போட்டும் வெறும் கல்லைத் தவிர ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் உன் அதிகாரி லேப் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாப் பையிலும் செம்பும் துத்தநாகமும் ஏறக்குறைய ஒரே விகிதம், அது பித்தளையின் விகிதம். மண்ணில் இருந்த பளிங்குப் பொடி பித்தளை வலையை அராவி அராவி, அந்தத் துகள்தான் ஒவ்வொரு பையிலும் போய் விழுந்திருக்கிறது. உங்கள் தெற்குப் பக்கத்துச் செம்பு முழுக்க மட்டாஞ்சேரி பஜாரில் நான் பொறுக்கி எடுத்த வலையிலிருந்து வந்தது.

இதையெல்லாம் நீ ஓணத்துக்கு வந்தபோதுதான் விளக்கமாகத் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் வந்தது அந்தப் போன். குடோனில் மிளகு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது, ஆட்கள் சத்தம். நீ சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டாய். "அப்பா, அந்தச் சல்லடைக்கு நீங்க நைலான் வலைதானே கட்டி அனுப்பினீங்க?"

உன் குரலைக் கேட்டதுமே ஏதோ பிசகு என்று தெரிந்துவிட்டது. "பின்னே? நீ சொன்னது மாதிரி நைலான்தான்," என்றேன்.

"உறப்பா அப்பா, நிச்சயம்தானே?"

"உறப்பு மோளே. உனக்கு அனுப்புறதுல நான் கவனமா இருக்க மாட்டேனா?"

சரி என்று வைத்துவிட்டாய். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன், வீட்டிலிருந்து வந்த சாமானால் கெட்டது என்றால் உனக்குத்தானே திட்டு விழும் என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பின்னால் சேர்த்தது. அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று, சல்லடை விஷயத்தில் நான் தப்புச் செய்தேன் என்று என் மகளுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான். அந்த அற்பத்துக்காகத்தான் சொன்னேன்.

ஓணத்தன்று இலை போட்டு உட்கார்ந்தோம். ஏழுமலை எப்படி இருக்கிறார் என்று உன் அம்மா சாதாரணமாகக் கேட்டாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். "அவரை அனுப்பியாச்சும்மா. நைலான் வலையைக் கிழிச்சுட்டு, எங்கயோ பித்தளை வலை வாங்கிக் கட்டிட்டு, அது நம்ம வீட்ல இருந்தே அப்படித்தான் வந்துச்சுன்னு சாதிக்கிறார். ஊருக்கு வேலை வரணும்னு வேணும்னே செஞ்சிருப்பார்னுகூடச் சொல்றாங்க. நான் அவருக்காக ரொம்பப் பேசினேன். அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லன்னு சொன்னேன். அப்பாகிட்ட கேட்டப்புறம்தான் என் வாய் அடைஞ்சு போச்சு."

உன் அம்மா என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷமாவது நான் சொல்லியிருக்க வேண்டும். பாயசம் ஊற்றட்டுமா என்று நீ கேட்டாய், நான் கையைக் காட்டினேன். நீ ஊற்றினாய், நான் குடித்தேன். அறிக்கையில் நீ போடப்போகிற கையெழுத்து என் பொய்யின் மேல்தான் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே குடித்தேன்.

நீ திரும்பிப் போன அன்றைக்கு உன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"புது இடத்துக்குப் போற பிள்ளை, நிம்மதியாப் போகட்டும். அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்," என்றேன்.

"அந்த ஆளுக்கும் வீட்ல பெண்டாட்டி பிள்ளைங்க இருக்கும் அல்லே? அவங்க நிம்மதி?"

நான் கோபப்பட்டேன். உனக்கு ஒரு எழவும் தெரியாது, கம்பெனி விஷயம், மகள் வேலையே போய்விடும் என்று கத்தினேன். குற்றம் என் பக்கம் இருக்கும்போது என் சத்தம் கூடும், உனக்கே தெரியும். அவள் மீன்சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து சாயா போட்டு வைப்பாள், குடித்தீர்களா என்று கேட்க மாட்டாள். மகள் ராஜஸ்தானுக்குப் போகிறாள் என்று மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லித் திரிந்தவள் இப்போது யாராவது கேட்டால் ஆமாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

நான் என்னென்ன நினைத்தேன் தெரியுமா? ஏழுமலைக்கு வேறு வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். கம்பெனிக்கு இது ஒரு தூசு என்று நினைத்தேன். நீ இந்த அறிக்கையை முடித்துவிட்டு ராஜஸ்தானுக்குப் போய்விட்டால் எல்லாம் மறந்துபோகும் என்றுகூட நினைத்தேன், அது ஒரு நாள் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அப்படி ஆறுதல் வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. முகம் தெரியாத ஒரு மனிதர் தலையில் என் குற்றத்தை வைத்துவிட்டு நான் நிம்மதியாக மிளகு சலித்துக்கொண்டிருக்கப் போகிறேன். என்ன மனுஷன் நான்.

அப்பா என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒன்றிரண்டு சொல்கிறேன், அடிபட்டவன் சொல்வதாக எடுத்துக்கொள். புது இடத்தில் ஏதாவது கெட்டுப்போனால், வேலையாட்களைச் சோதிக்கும்போது உன் வீட்டிலிருந்து வந்ததையும் அதே மாதிரி சோதித்துப் பார். அப்பா சொன்னார் என்பது அத்தாட்சி இல்லை. யாரிடமாவது ஒன்றைக் கேட்டால், உனக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லவும் அவர்களுக்கு இடம் கொடுத்துக் கேள். இதில் உன் மேல் குறை சொல்லவில்லை. நீ என்னை நம்பிக் கேட்டாய், மகள் அப்படித்தான் கேட்பாள். ஆனால் நீ கேட்ட அந்த நேரத்தில் இன்னொரு ஆளின் பிழைப்பு என் வாயில் இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்திருந்தது. அடுத்த முறை அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேள். என்னைப் போன்ற கோழையும் ஒருவேளை யோசிப்பான்.

அறிக்கையைத் திருத்து. ஹம்சாக்காவிடம் அந்த வலையின் மிச்சத் துண்டு இருந்தது, இதோடு வைத்திருக்கிறேன். உன் சல்லடை வலையோடு ஒத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வேண்டுமென்றால் ஹம்சாக்காவே பேசுகிறேன் என்றார். என்னைத் திட்டவும் செய்தார், நன்றாகவே திட்டினார். காரணம் எழுதுகிற இடத்தில் என் பெயரை முழுசாக எழுது. என் மானத்தைப் பார்த்து எதையும் பூசி மெழுகாதே. இதனால் உனக்கும் பேச்சு வரும், புது இடத்தில் உன்னைக் கொஞ்ச நாள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், வேலைக்கே சேதம் வந்தாலும் வரலாம். ஆனாலும் எழுது.

இதெல்லாம் எழுதுகிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை ஏழுமலைக்கு நானே போன் செய்தேன். பார்சல் சீட்டில் அவர் நம்பர்தான் எழுதியிருந்தோம். முதலில் பெயரைச் சொல்லாமல் வைத்துவிடலாமா என்று பார்த்தேன். பக்கத்தில் உன் அம்மா நின்றாள்.

மேடத்தோட அப்பா கொச்சியிலிருந்து பேசுறேன் என்றதும், "சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். எந்த வேலையில் இருக்கிறார் என்று கேட்டேன். கல் குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறாராம். ஊரிலேயே வேலை பார்க்கலாமே என்றேன் மடத்தனமாக. "ஊருல யாரும் சரியாப் பேசுறதில்ல சார். நான் மண்ணுல பித்தளையக் கலந்ததாலதான் கம்பெனி போயிடுச்சுன்னு சொல்றாங்க. டீக்கடைக்கே போறதில்ல," என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பித்தளை வலை கட்டியது, அனுப்பியது, போனில் பொய் சொன்னது. அவர் இடையில் குறுக்கிடவே இல்லை. சொல்லி முடித்ததும், "தெரியும் சார்," என்றார். "பார்சலப் பிரிச்சவன் நான்தானே. மேடம் உங்களக் கேட்டப்ப போன ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேட்டாங்க. பெரிய சாரும் இருந்தாரு, நானும் அங்கதான் நின்னுட்டிருந்தேன்."

உட்கார்ந்துவிட்டேன். "அப்போ அங்கயே சொல்லியிருக்கலாமே ஏழுமலை. அவர் பொய் சொல்றாருன்னு கத்தியிருக்கலாமே?"

"பெத்த அப்பா பொய் சொல்றாருன்னு பொண்ணு மூஞ்சியப் பாத்து எப்பிடி சார் சொல்றது? எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

மோளே, நான் அழுதேன். உன் அம்மா போனை வாங்கிக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டாள், நான் கேட்க வேண்டியதை. வைக்கப் போகும்போது அவர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். அவர் இருந்தபோது வடக்குப் பக்கத்தில் ஒரு புதுத் துளை ஆரம்பித்தீர்களாமே, அதில் செம்பு வந்ததா என்று. அவள் தெரியாது என்று சொல்லிவிட்டாள். நீ ரயில் ஏறுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், அதை நீயே சொல்லிவிட்டு வா.